மூடிய அறையில் ஒரு பரீட்சை

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. செஞ்சியில் காலை முதல் ஓயாத தூறல்.

பெண் பார்க்கும் சடங்கிற்காகப் பனமலையிலிருந்து வந்திருந்த குஞ்சம்மாள், மூடிய கதவை நோக்கியவாறு பொறுமையிழந்தார்.

“இன்னும் இன்னா பரீட்சை? கதவைத் தட்டுங்கண்ணே!”

“வாணாம்மா,” என்று தாழ்ந்த குரலில் தடுத்தார் பெண்ணின் தந்தை சுந்தரமூர்த்தி. “கம்ப்யூட்டர் கேமரா வழியா ஒருத்தர் பாத்துக்கினே இருக்காராம். வேற மூஞ்சி தெரிஞ்சா பரீட்சை கேன்சல்.”

“அப்படி இன்னா படிப்போ!”

“கிளவுடுன்னு சொல்றாங்க. கம்பெனிங்க டேட்டாவையெல்லாம் எங்கியோ இருக்கிற கம்ப்யூட்டர்ல வச்சுப் பாத்துக்கறது. பாஸானாத்தான் பெங்களூர் வேலை கிடைக்குமாம்.”

“அதுக்குள்ள நாலரை மணி ராகுகாலம் வந்துட்டா, பொண்ணு பாக்காமலே நாங்க பஸ் ஏற வேண்டியதுதான்!”

அவ்வேளையில் கதவு திறந்தது. வியர்த்த முகத்துடன் வெளிப்பட்டவன், குஞ்சம்மாளின் மகன், மாப்பிள்ளை சேரன்.

“பாஸ்மா!”

பனமலையில் அன்று பகல் முழுவதும் மின்தடை அறிவிக்கப்பட்டிருந்தது. “செஞ்சியில எங்கனா எழுதிட்டு, இன்னொரு நாள் வரோம்” என்று அவன் தொலைபேசியில் தயங்கியபோது, “எங்க வீட்டுலயே வந்து எழுதுங்க” என்று அழைத்தவள் மணப்பெண் சுமலதாவே ஆவாள்.

சமையலறையிலிருந்து காபித் தட்டுடன் வந்த அவள், சேரனை நிமிர்ந்து நோக்கினாள்.

“இன்னாம்மா, மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதா?” என்று வினவினார் தந்தை.

“பாஸாகலன்னாலும் புடிச்சிருக்கும் நைனா.”

அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். மாலை நான்கு மணி இருபது நிமிடத்திற்கு இரு வீட்டாரும் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டனர்.