பழுப்பு முதுகு

மேற்கு வர்ஜீனியாவின் மலைச்சரிவில், ஓக் மரத்தின் உயரத்தில் வார்ப்பட்டையால் பிணைக்கப்பட்ட, மான் வேட்டைக்கான தொங்கிருக்கையில், ஊஞ்சலில் அமர்ந்தவள் போல மார்லா சாய்ந்திருக்கிறாள். நீண்ட குழலுடைய ரிவால்வர் அவள் முழங்கால்மீது நிலைகொண்டுள்ளது. அதன் சுத்தியல் பின்னிழுக்கப்பட்டு, சுடுவதற்கு ஆயத்தமாக இருக்கிறது. காலை வெயில் சருகுகளின்மேல் செம்பு நிறத்தில் படிந்துள்ளது. கீழே புதருக்குப் பின்னே கிளைத்த கொம்புகள் அசைகின்றன. அவற்றை ஒட்டிப் பழுப்பு முதுகொன்று குனிந்து நகர்கிறது. முழு உடலும் கண்ணில் படாமல் விசையைத் தொடுவது அவளுக்கு வழக்கமன்று. ஆகவே விரல் விசையைத் தொடாமல் அதன் வளையத்துக்கு வெளியிலேயே காத்திருக்கிறது. புதர் முடிகிறது. பழுப்பு முதுகு நிமிர்கிறது. அது பழுப்புச் சட்டை அணிந்த அவளுடைய தம்பி டுவைட். கொம்பைப் பிடித்து அவன் இழுத்துவரும் செத்த மானின்மேல், வேட்டைக்காரர் கண்ணுக்கு மனிதன் என்று காட்டுவதற்காக அவன் அணிந்திருக்க வேண்டிய ஆரஞ்சு அங்கி கட்டப்பட்டிருக்கிறது.

“டேய்! செத்ததுக்குச் சட்டைய மாட்டிட்டு, உசிரோட இருக்குற நீ மான் நெறத்துல வர்றியா?”

“எவனாவது இதச் சுட்டுட்டா கறி பாழாயிடுமேக்கா!”

மார்லாவின் கட்டைவிரல் சுத்தியலை மெல்ல மெல்லத் தணிக்கிறது. அடக்கிவைத்திருந்த மூச்சு குளிரில் வெண்புகையாகக் கலைகிறது. தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி அவள் கீழே எறிகிறாள்.

“மொதல்ல அத மாட்டு. அப்புறந்தான் திட்டுவேன்.”