காய்ந்த உப்பு

குழாய்க்குள் விட்ட ஊதுபத்தி குப்பென்று பற்றிக்கொண்டது.

"ஆக்சிஜன்தான் சார்!" ஆராய்ச்சி மாணவி துர்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருக்காதா பின்னே? இரண்டு வருஷ உழைப்பு.

நிலாவில் காற்று கிடையாது. ஆனால் அதன் மண்ணுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. கால்சியம் குளோரைடு உப்பை உருக்கி, அதில் அந்த மண்ணைப் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் பிரிந்து வரும், உலோகம் தங்கிவிடும். முதல் சந்திரயான் பறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் மண் எடுத்து வரப் போனதில்லை; நிலா மண்ணுக்கு எங்கே போவது? அதே மாதிரிப் பாறையை நாமக்கல் பக்கமிருந்து வரவழைத்து அரைத்திருந்தாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் அரிகிருஷ்ணன் சரியென்றால், மேலும் மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை.

அவர் சிரிக்கவில்லை.

"இந்த உப்பு ஈரத்தை இழுக்குமேம்மா. உங்க பாண்டிச்சேரி கடல் காத்துல கொஞ்ச நேரம் இருந்தாலே கூழாயிடும். அந்தத் தண்ணியிலேருந்தும் ஆக்சிஜன் வரும். மூணு நாள் விடாம ஓவன்ல காய வெச்சீங்களா?"

"வெச்சோம் சார்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

காய வைக்கும் பொறுப்பு ஆய்வக உதவியாளர் கலியமூர்த்தியுடையது. மூன்று நாளில் நடுநாள் மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில், கடலாட வந்த மயிலம் முருகனுக்கு முன்னால், ஈர வேட்டியோடு நின்ற கலியமூர்த்தியை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது சுருக்கென்றது. சாமி வந்துவிட்டால் இந்த மனுஷனுக்கு ஓவனாவது உப்பாவது!

கலியமூர்த்தி வாசலில் டீத்தட்டோடு நின்றார். பதினோரு வருஷத் தினக்கூலி. இந்த மாதம்தான் நிரந்தர ஆர்டர். அதில் கையெழுத்துப் போட வேண்டிய துறைத்தலைவர் அரிகிருஷ்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

துர்கா அரிகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். நடுவுல ஒரு நாள் நான் ஓவனை நிறுத்திட்டேன். என் தப்புதான்."

அரிகிருஷ்ணன் ஃபைலை மூடினார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

கார் கிளம்பிப் போனது. துர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கலியமூர்த்தி ஓடி வந்தார். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க? ஓவன் நிக்கவே இல்லியே! பெரியவங்க நடுவுல பேசத்தான் எனக்குத் தைரியம் வரல."

"மாசி மகத்தன்னிக்கு உங்களைக் கடற்கரையில பார்த்தேண்ணே. உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான்..."

"சாமி தண்ணில எறங்குற நேரம், அரைமணி போய்க் கும்பிட்டேன். அதுக்கும் வாட்ச்மேனைக் காவலுக்கு உக்கார வெச்சிட்டுத்தான் போனேன். மத்தபடி மூணு நாளும் சோறு தண்ணி எல்லாம் இங்கயேதாம்மா."

ஒரு நோட்டை நீட்டினார். மணிக்கு மணி ஓவன் சூடு, கோணல் எழுத்தில். மாசி மகத்தன்றும் ஒரு வரி விட்டுப்போகவில்லை.

துர்கா நோட்டை மெதுவாக மூடினாள்.

"எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க, பெரிய மனசுதான். அதுக்கு முன்னாடி, காய வெச்சியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."