மைனஸ் ரெண்டு

“எழுந்திரும்மா!”

கணக்கு வாத்தியார் போட்ட அதட்டலில் வகுப்பே கப்சிப்.

எழுந்தவள் கடைசி வரிசைப் பெண். அம்மா ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள்.

“பயிற்சிப் புத்தகத்துல விடைப் பக்கம் இருக்கே, பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

“இருபத்தேழாவது கணக்குக்கு என்ன போட்டிருக்கு?”

“அஞ்சு, மைனஸ் ரெண்டு. ரெண்டு விடை சார்.”

“நீ என்ன எழுதியிருக்கே?”

“அஞ்சு மட்டும்தான் சார்.”

“அப்ப அந்தப் பக்கத்தைத் தயார் பண்ணின நான் மடையன், நீ பெரிய மேதை. அப்படித்தானே?”

முன்வரிசையில் சிரிப்பு. சிரிக்கிறதுக்கென்றே சிலர் இருக்கிறார்களே!

“அப்படி இல்ல சார். எக்ஸுக்கு மைனஸ் ரெண்டைப் போட்டா, லாக்குக்குள்ள மைனஸ் வருது. மைனஸ் எண்ணுக்கு லாக் எடுக்க முடியாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

“வாய் நீளுது பாரு! விடைப் பக்கம் சொல்றபடிதான் மார்க். முப்பத்தொன்பது. உட்காரு.”

பல்லுறுப்புக்கோவையில் பத்து, விகிதமுறு சார்பில் பத்து, லாக்கில் பத்து, அடுக்குக்குறிச் சார்பில் பத்து என்று மொத்தம் நாற்பது கணக்குகள். நாற்பதும் சரியாகப் போட்டவர்களுக்குத்தான் நுழைவுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்பில் இடம். ஆறு பேர் நாற்பது வாங்கிவிட்டார்கள். வெளியில் காசு கட்டிப் படிக்க இவள் வீட்டில் வழியே கிடையாது. இந்த இடம் போனால் காலேஜ் ஆசையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான். ஒரே ஒரு கணக்கு, அதுவும் சரியாகப் போட்ட கணக்கு! வயிறு எரியுமா, எரியாதா?

எரிந்தது. மணி அடித்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டாள்.

தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நோட்டை வெச்சிட்டு வெளியில நில்லும்மா. சாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்.”

அவள் போனதும் கால்குலேட்டரை எடுத்து மைனஸ் ரெண்டுக்கு லாக் தட்டிப் பார்த்தார். ‘பிழை’ என்று வந்தது. ஆளை அனுப்பிக் கணக்கு வாத்தியாரை வரவழைத்தார். அவர் ஆறு நோட்டுகளோடும் பெயர்ப் பட்டியலோடும் வந்து நின்றார்.

“என்ன சார் இது? இத்தனை வருஷமா கணக்கு எடுக்கிறீங்க. லாக் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும் மேடம்.”

“பின்னே?”

“விடைப் பக்கத்துல அந்த மைனஸ் ரெண்டை வேணும்னேதான் சேர்த்தேன். கணக்கைப் போடாம விடையைப் பார்த்துக் காப்பியடிக்கிறவன் யாருன்னு தெரிஞ்சிடும்ல? அதுக்கு ஒரு பொறி.”

“பலே! யாராவது மாட்டினாங்களா?”

“நாற்பது வாங்கின ஆறு பேருமே மேடம்.”

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“அப்புறம் என்ன யோசனை? ஆறு பேரையும் தூக்கிட்டு இந்தப் பொண்ணு பேரை முதல்ல எழுதுங்க.”

வாத்தியார் மேலே இருந்த நோட்டை மட்டும் மேசைமேல் நகர்த்தினார்.

“இது... என் பொண்ணோடது மேடம்.”

வந்ததே கோபம் தலைமையாசிரியைக்கு!

“சீ! நீங்கள்லாம் ஒரு வாத்தியாரா? நீங்களே பொறி வைப்பீங்க, சொந்தப் பொண்ணு மாட்டினதும் தப்பை ரைட்டாக்கிடுவீங்க. யாரோ ஒரு தையல்காரி பெத்த பொண்ணுதானே, கேட்க நாதி இல்லேன்னுதானே அவளை அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சீங்க? வெட்கமா இல்லை? பட்டியலைக் குடுங்க இப்படி!”

“மேடம், அவசரப்படாம எல்லா நோட்டையும் ஒரு தடவை...”

“பேசாதீங்க. எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்!”

ஒவ்வொரு நோட்டாக எடுத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பட்டியலில் பெயரை அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது நோட்டை எடுத்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து. போன வாரம்தான் மகனுடைய நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தார்.

இருபத்தேழாவது கணக்கைப் புரட்டிப் பார்த்தார். மகன் ஒரு வரிகூடப் போட்டுப் பார்க்கவில்லை. விடை மட்டும் பளிச்சென்று இருந்தது. அஞ்சு, மைனஸ் ரெண்டு.

வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைமையாசிரியை நோட்டை மூடிவிட்டு மெல்லக் கேட்டார்.

“இந்தப் பொறி விஷயம் வேற யாருக்காவது தெரியுமா?”

“எனக்கும் உங்களுக்கும்தான் மேடம்.”

“ம்... பட்டியல் ஒரே அடித்தல் திருத்தலா இருக்கு. வேற தாள்ல அதே ஆறு பேரையும் சுத்தமா எழுதிக் கொண்டாங்க.”

பிறகு வெளியே நின்றவளைக் கூப்பிட்டார். ஓடி வந்தாள். முகமெல்லாம் நம்பிக்கை.

தலைமையாசிரியை எழுந்து வந்து, அவள் தோளில் பரிவோடு கை வைத்தார்.

“நல்லாப் படிக்கிற பொண்ணும்மா நீ. இந்த அடம்தான் ஆகாது. நீயே யோசிச்சுப் பாரு, ஆறு பேரும் ஒரே மாதிரியாவா தப்பு பண்ணுவாங்க?”