முழங்கால் உயரத்தில் ஒரு பலகை

அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அருங்காட்சியகக் காவலருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்ற கூடங்களில் எல்லாம் விளக்கப் பலகை கண்ணுக்கு நேராக இருக்கிறது. இவர் கூடத்தில் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில், முழங்கால் உயரத்தில். எழுத்தோ எறும்பு சைஸ். படிக்க வேண்டுமென்றால் முட்டி போட்டால்தான் உண்டு.

பெட்டிக்குள் இருப்பது லேசுப்பட்ட பொருள் இல்லை. ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய ஒரு கிறிஸ்தவப் புனிதரின் விரல் எலும்பு. சின்ன வெள்ளிப் பேழையில், சிவப்புப் பட்டின் மேல் கிடக்கிறது. ஏதோ ஒரு தேவாலயத்தில் இருந்தது, கை மாறிக் கை மாறி இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

பலகையை அங்கே மாட்டச் சொன்னது கூடத்தின் பொறுப்பாளர் அம்மா. 'கறார் மேடம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், நாலு ஸ்க்ரூதான். நானே கழட்டி மேல மாட்டிடுறேன். வயசானவங்க எல்லாம் முட்டி வலிக்குதுன்னு என்னைத் திட்டிட்டுப் போறாங்க" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"அளவெடுத்துத்தான் மாட்டச் சொல்லியிருக்கேன். அதுல கை வெச்சீங்க, அப்புறம் நடக்குறதே வேற."

காவலர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். படித்தவர்களிடம் வாய் கொடுத்து மீள முடியுமா?

இது போதாதென்று இயக்குநரின் உத்தரவு வேறு. "இது மியூசியம், சர்ச் இல்ல. யாராவது பெட்டி முன்னாடி ஜெபம் பண்றதைப் பாத்தேன், அன்னியோட உங்களுக்கு வேலை இல்ல." முன்பு இருந்த காவலர் இரக்கப்பட்டு யாரையோ ஜெபம் பண்ண விட்டார். அந்தக் காவலர் இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் காய்கிறார்.

கறார் மேடமோ இயக்குநருக்கும் ஒரு படி மேல். யாராவது கை கூப்பினால் போதும், விரலை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். "இங்க ஜெபம் பண்ணக் கூடாது. கீழ பலகை இருக்கு, படிங்க."

கல்நெஞ்சுக்காரி என்று காவலர் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார்.

அன்று மதியம் ஒரு பெண் வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் மருந்துப் பை.

"எதிர் ஆஸ்பத்திரியில என் பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்குதுங்க. பொழைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. இங்க புனிதர் இருக்காருன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஒரே ஒரு நிமிஷம், முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கிறேன்."

"ஐயோ, வேணாம்மா. என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க" என்றார் காவலர். சொல்லிவிட்டாரே தவிர, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் பெண்ணைப் பெற்றவர்தான்.

சத்தம் கேட்டு மேடம் வந்துவிட்டார். அதே விரல், அதே குரல்.

"இங்க ஜெபம் பண்ணக் கூடாது. கீழ பலகை இருக்கு, படிங்க."

பெற்ற பிள்ளை சாகக் கிடக்கும்போது படிக்கச் சொல்கிறாளே, பாவி! காவலர் மனசுக்குள் திட்டினார்.

அந்தப் பெண் மிரண்டுபோய் பலகைக்கு முன்னால் மண்டி போட்டாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் தானாக மூடிக்கொண்டது. உதடு அசைய ஆரம்பித்தது.

நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே நுழைந்தார். கூடவே விருந்தினர்கள் இரண்டு பேர்.

"என்ன நடக்குது இங்க? அந்தம்மா ஜெபம் பண்ணிட்டிருக்காங்க, நீங்க நின்னு வேடிக்கை பாக்குறீங்க?"

வேலை போச்சு என்று நினைத்தார் காவலர். தொலைந்தோம்.

"ஜெபம் இல்ல சார்" என்றார் கறார் மேடம். "பலகையைப் படிக்கிறாங்க."

"உதடு அசையுதே?"

"சில பேருக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் சார் மண்டையில ஏறும்."

இயக்குநர் பலகையைப் பார்த்தார். அதைப் படிக்க வேறு எப்படி உட்காருவது என்று அவருக்கும் தெரியவில்லை. வந்த கோபம் மேடம் பக்கம் திரும்பியது.

"அந்தக் கண்றாவியை மேல மாட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு பலகையை ஒழுங்கா மாட்டத் தெரியல, நீங்கல்லாம் ஒரு பொறுப்பாளர்!"

"என் தப்புதான் சார். அளவு பிசகிடுச்சு."

விருந்தினர்கள் முன்னிலையில் இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தலை நிமிரவில்லை. இயக்குநர் அவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போனார்.

அளவெடுத்துத்தான் மாட்டச் சொன்னேன் என்றவர் இப்போது அளவு பிசகிவிட்டது என்கிறாரே என்று காவலர் விழித்தார்.

அந்தப் பெண் எழப் போனாள்.

"மன்னிச்சிடுங்கம்மா... எனக்குப் படிக்கவே தெரியாது."

கறார் மேடம் அவள் தோளை மெல்ல அழுத்தி மறுபடியும் உட்கார வைத்தார்.

"பரவாயில்ல. அவசரமே இல்ல, முழுசாப் படிச்சிட்டு எழுந்திருங்க."