ஜன்னல் வைத்த மாட்டுக் கொட்டகை

மறுநாள் காலையில் ஓவர்சியர் அளக்க வருகிறார் என்று தெரிந்ததும், புருஷோத்தமன் பக்கத்துத் தெருவில் பால் வியாபாரம் செய்யும் தணிகாசலத்திடம் ஓடிப்போய் மாடு கேட்டார்.

"பாலுக்கா?" என்றார் தணிகாசலம்.

"இல்லப்பா, குடி வைக்க."

விஷயம் இதுதான். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தன் நிலத்தில் புருஷோத்தமன் வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். தெற்கத்திப் பையன்கள் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பொந்து கிடைத்தாலும் போதும் என்று புகுந்துகொண்டார்கள். குடியிருப்பு என்று அனுமதி கேட்டால் பிளான், வரி என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் 'மாட்டுக் கொட்டகை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார் மனுஷன்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க, பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் புதிதாக ஒரு ஓவர்சியர் வந்து சேர்ந்தார். பெயர் ரகுபதி. அனுமதி ஒன்று, கட்டடம் வேறொன்று என்றால் அங்கேயே சீல் வைக்கிறாராம்.

விடிந்ததும் பையன்களையெல்லாம் மதியம்வரை டீக்கடையில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அறைக்கு ஒன்றாக மாட்டைக் கட்டினார் புருஷோத்தமன். சாமான்களை எடுத்து வைக்க வேறு இடமில்லை.

ரகுபதி முதல் அறைக்குள் தலையை நீட்டினார். பசு நின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு. கொடியில் ஒரு கம்பெனி சட்டை. சட்டையின் ஒரு கை பசுவின் வாயில்.

"சட்டை யாருது?"

"பால் கறக்க வர்றவன்து சார்."

"பவுடர் டப்பா?"

"ஈ மொய்க்கக் கூடாதுன்னுட்டு மாட்டுக்கு அடிக்கறது சார்."

ரகுபதி டேப்பைப் பிடித்து நீளம் அகலம் அளந்துகொண்டே போனார். கடைசி அறையில் மாட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

நைட் ஷிப்ட் முடிந்து கடைசியாக வந்த வேல்ராஜ், சேதி தெரியாமல் நேராக வந்து படுத்துவிட்டிருக்கிறான். பக்கத்தில் மாடு நிற்பதுகூடத் தெரியாத தூக்கம்.

"இது?"

"கன்னுக்குட்டி சார். உடம்பு முடியாம கீது."

போர்வைக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

"சளி சார்," என்றார் புருஷோத்தமன்.

ரகுபதி போர்வையையே சிறிது நேரம் பார்த்தார். அண்ணாந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மொபெட் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார்.

வாயில்லா ஜீவன்களை இப்படிப் போட்டு அடைப்பது பெரிய குற்றமாம். அறைக்கு அறை ஜன்னல் வைக்க வேண்டுமாம். ஒழுகுகிற கூரையை மாற்ற வேண்டும், குழாய் போட வேண்டும், பின்பக்கம் இரண்டு கக்கூஸ் கட்ட வேண்டும்.

"மாட்டுக்கா சார்?"

"பால் கறக்க வர்றவனுக்கு வேணாமா?"

ஒரு மாதத்துக்குள் செய்யாவிட்டால் மாடுகளைப் பட்டியில் அடைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மாடுகள் தணிகாசலத்தினுடையவை. தணிகாசலமோ அரிவாளோடு பேசுகிற ஆள்.

அறைக்குள் அவிகிறது, ஒரு ஜன்னலாவது வைத்துக் கொடுங்கள் அண்ணாச்சி என்று வேல்ராஜ் கோடைக்குக் கோடை கேட்டிருக்கிறான். பகலில் தூங்குகிறவனுக்கு ஜன்னல் எதற்கு என்று அவனைத் திருப்பி அனுப்பியவர், இப்போது மாட்டுக்காகக் கொத்தனாரைக் கூட்டி வந்தார். குழாய் வந்தது. கூரை மாறியது. கக்கூஸும் எழுந்தது. மனைவி கனகம் மட்டும், நம் வீட்டு ஜன்னலைவிட மாட்டு ஜன்னல் பெரிதாக இருக்கிறதே என்று முணுமுணுத்தாள்.

டீக்கடையில் உட்கார்ந்து புருஷோத்தமன் ஓவர்சியரைக் கிழி கிழி என்று கிழித்தார். மனுஷன் படுக்கிற ரூமுக்கும் மாடு கட்டுகிற இடத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான் என்று கேட்டார். எதிர்பெஞ்சில் வேல்ராஜ் பன் தின்றுகொண்டிருந்தான்.

ரகுபதி மறுபடி வருவதாகச் சொல்லியிருந்த காலையில், பையன்கள் மறுபடி டீக்கடைக்குப் போனார்கள். தணிகாசலத்தின் மாடுகள் மறுபடி வந்தன.

ரகுபதி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தார். குழாயைத் திருகி, கொட்டிய தண்ணீரில் முகம் கழுவினார். கூரையைக் கழியால் தட்டினார். பிறகு புருஷோத்தமனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாட்டையெல்லாம் கொண்டு போய் விட்டுடுங்க. பாவம், எத்தனை தடவைதான் இழுத்துட்டு வருவீங்க."

"சார், அது வந்து..."

"அன்னிக்கே சீல் வெச்சிருப்பேன். வர்ற வழியில டீக்கடையைப் பாத்தேன். சீல் வெச்சா அந்தப் பசங்க அங்கேயே பெட்டியோட உக்காரணும்," என்றார் ரகுபதி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி. "இப்ப மனுசங்க இருக்கலாம். குடியிருப்புன்னு மாத்தி எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."