வற்றலுக்குக் காவல்

ஒரு வீட்டம்மா மழைக்காலத்துக்கென்று மாங்காயும் கத்தரிக்காயும் நறுக்கி, உப்பில் பிசறி, மொட்டைமாடியில் காயப் போட்டிருந்தாள். காக்கை அண்டாமலிருக்க நடுவே ஒரு குச்சி நட்டு, கிழிந்த கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். வற்றல் பறிபோனால் தனக்குக் கால்மிதி வேலைதான் என்று துணிக்குத் தெரியும்.

ஒரு கிழக் காக்கை வந்து துணியை உற்றுப் பார்த்தது.

“கண்ணு, போன மழையில காணாமப் போனவன் இங்கயா இருக்கே? உன்னை இப்படித் தலைகீழாக் கட்டிப் போட்டிருக்காங்களே.”

நான் உன் பிள்ளை இல்லை என்று சொல்ல வாயெடுத்த துணி, காக்கையின் அலகு வற்றலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பார்த்தது.

“ஆமாம்மா. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கொன்னுடுவாங்கம்மா.”

“நான் இருக்கேன்ல. எவன் வாய் வைக்கிறான்னு பாக்கறேன்.”

அன்றிலிருந்து காக்கை கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை. வந்த காக்கைகளையெல்லாம் கொத்தி விரட்டியது. இரை தேடவும் போகவில்லை.

“பசிக்கலையாம்மா?” என்று துணி ஒருநாள் கேட்டது.

“நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு.”

துணி காக்கையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிடலாம், ஆனால் இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்று இருந்துவிட்டது.

மறுநாள் காலையில் காக்கை சுவரடியில் விறைத்துக் கிடந்தது.

வீட்டம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். “காக்கை விரட்டத் துணியைவிட இதுவே மேல்,” என்றாள். துணியை அவிழ்த்து, நீளமாகக் கிழித்து, அதைக்கொண்டே காக்கையின் கால்களைக் குச்சியில் இறுக்கிக் கட்டினாள்.

“அம்மா,” என்று கூப்பிட்டுப் பார்த்தது துணி.