எட்டாம் வார்டு வரிசை

"ஐயா, கோடு போட்டது நானில்லை. என்கிட்ட கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?"

மூன்று வாரமாக இதையே சொல்லிச் சொல்லி எழுத்தர் அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. வார்டு எல்லைகளை மாற்றப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று மேலிடம் வரைபடம் அனுப்பினாலும் அனுப்பியது, மன்ற உறுப்பினர்கள் நாலு மணி நேரம் மேஜையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதில் தயாரிக்கிற வேலை இந்த அம்மாளின் தலையில் விழுந்தது. இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிவிட வேண்டும்.

கழுத்து வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு மதியம்தான் வந்திருந்தார். காலையில் வந்த மனுக்களை டைப்பிஸ்ட் பதிந்து, மதியத் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பியும்விட்டாள். அந்த மட்டில் பெரிய புண்ணியம்.

எதிரே நின்றவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"எங்க தெரு நடுவுலயே கோட்டை இழுத்துட்டாங்கம்மா. எங்க பக்கம் ஏழாம் வார்டுலயே இருக்குமாம். எதிர்ப்பக்கம் எட்டுக்குப் போகுதாம். என் வீட்டையும் எட்டுல சேர்த்துடுங்க."

"ஏழுல இருந்தா வீட்டுக்குப் பக்கத்துலயே ஓட்டு போடலாம். எட்டுன்னா மேம்பாலம் தாண்டிப் போகணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு எதுக்கு ஐயா?"

"நடந்துக்கறேன்."

"காரணம் எழுதணுமே. காரணம் இல்லாம வாங்கக் கூடாது."

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எதிர் வீட்டுல இருக்கறது என் தம்பி. பேச்சுவார்த்தை நின்னு பதினோரு வருஷம். நான் கதவைத் திறந்தா அவன் சாத்துவான். அவன் திறந்தா நான் சாத்துவேன்."

"அப்புறம் என்ன? தனித்தனி வார்டுன்னா நிம்மதிதானே?"

"அட, கேளுங்கம்மா. தேர்தல் அன்னிக்கு மட்டும் ஒரே வரிசை. கேட்டைத் திறக்கும்போதே நான் போய் நிப்பேன். கொஞ்ச நேரத்துல அவனும் வந்து பின்னாடி நிப்பான். வரிசையை விட்டு ரெண்டு பேராலயும் ஓட முடியாது பாருங்க! ஒரு மணி நேரம் அவன் இருமறதைக் கேட்டுக்கிட்டே நிப்பேன். போன தடவை ரொம்ப இளைச்சுப் போயிருந்தான். அந்த வரிசையும் இல்லைன்னா, அவன் எப்படி இருக்கான்னே எனக்குத் தெரியாமப் போயிடும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தர் அம்மாவின் அலுப்புகூட ஒரு நிமிடம் விலகி நின்றது.

"தெருவுல எந்த வீடு?"

"முனை வீடும்மா. ரெண்டுமே முனை வீடுதான்."

"அப்ப கவலை இல்லை. முனை வீடு ஒண்ணை மட்டும் மாத்தறதுன்னா மேல மறுக்க மாட்டாங்க. கதவு எண் சொல்லுங்க."

"பன்னிரண்டு."

எழுதப் போன கை நின்றது. பதிவேட்டில் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். எதையோ விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை மூடினார்.

"முடியாது ஐயா."

"என்னம்மா இது! இப்பத்தானே கவலை இல்லைன்னீங்க?"

"நேரம் முடிஞ்சுபோச்சு."

"கடிகாரத்துல இன்னும் பத்து நிமிஷம் இருக்கே!"

"அது ஸ்லோ."

கண்டக்டர் கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிட்டார். எழுத்தர் அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதாம்மா? கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஏழாம் வார்டுலயே ஓட்டு போடுங்க ஐயா. எப்பவும் போல முதல் ஆளா போய் நில்லுங்க."

"யாருக்காக நிக்கறது?" என்று கத்திவிட்டு, மனுவைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவாக இறங்கிப் போனார்.

எழுத்தர் அம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, டைப்பிஸ்டின் குண்டு குண்டான எழுத்தில் இருந்த அந்தப் பதிவை இன்னொரு முறை படித்தார்:

'கதவு எண் பதினொன்று. எட்டாம் வார்டிலிருந்து ஏழாம் வார்டுக்கு மாற்றக் கோரிக்கை. காரணம்: ஓட்டு வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் நிற்பதற்கு. குறிப்பு: எதிர் வீட்டு அண்ணனுக்கு இதைத் தெரிவிக்க வேண்டாம் என மனுதாரர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்; தெரிந்தால் வீம்புக்கென்றே அவர் எட்டாம் வார்டுக்கு மாறிவிடுவாராம்.'